எந்த மருந்து? பெயரைச் சொல்லுங்கள்!

"உனக்கு ஆண்டிபயாடிக் ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு தொழிலாளியிடம் சொல்லி அனுப்பிவிடுவது வெகு சுலபம். எந்த ஆண்டிபயாடிக், எந்தத் தேதியில் சாப்பிட்டது, சாப்பிட்டு எத்தனை நேரத்தில் என்ன கண்டது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பதுதான் சிலருக்குப் பெரும் பாரமாகத் தோன்றுகிறது. லிங்கி வட்டாரத் தோட்டங்களில் பால் வெட்டும் தோழர்களையும், செக்ரோல் எழுதும் கிராணிமார்களையும் பார்த்துக் கேட்கிறோம்: உங்களில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்று சொல்லியிருக்கிறார்களா? ஆம் என்றால், அந்த மருந்தின் பெயர் என்ன?

"சிவப்பும் கறுப்புமா ஒரு கேப்ஸ்யூலுங்க" என்பார் ஒருவர். "ஊசிங்க, எடுப்பில போட்டாங்க" என்பார் இன்னொருவர். "பெயரெல்லாம் யாருங்க சொன்னாங்க?" என்பார் மூன்றாமவர். அந்த மூன்றாமவர் சொல்வதுதான் விஷயத்தின் வேர். நாம் வெட்டும் நிரைக்கு நம்பர் உண்டு. மரத்துக்கு இனப்பெயர் உண்டு. ஸ்டோரில் நிறுக்கும் பாலுக்குக் கணக்கு உண்டு. உடம்புக்குள் போகிற மாத்திரைக்கு மட்டும் பெயர் கிடையாதா? சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே "3 வேளை, சாப்பாட்டுக்குப் பின்" என்று மட்டும் கிறுக்கிக் கொடுத்தால் போதுமா? அந்தப் பையை வாங்கிக்கொண்டு வாய் திறவாமல் வீடு திரும்புகிறோமே, அது மரியாதையா, பயமா?

இது டாக்டர்கள் பாடு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. பெயர் தெரியாததால் இரண்டு விதத்தில் நமக்குக் கேடு வருகிறது. ஒத்துக்கொள்ளாத மருந்தையே வேறு பெயரில், வேறு நிறத்தில் மறுபடியும் தின்று உயிருக்கு உலை வைத்துக்கொள்வது ஒன்று. ஒத்துக்கொள்ளக் கூடிய நல்ல மருந்தை ஆயுள் முழுதும் வீணாக ஒதுக்கிவிட்டு, இரண்டாந்தர மருந்தில் கிடந்து இழுபடுவது மற்றொன்று. முதல் கேட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேசுவார் குறைவு. ஆனால் இரண்டாவதில் சிக்கியிருப்பவர்கள்தான் மிக அதிகம்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். பெனிசிலின் 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்ணில் பட்டது. இரண்டாவது யுத்தம் முடிந்த பிறகுதான் அது சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது. 1950களில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பல நாடுகளில் பறங்கிப்புண்ணை ஒழிக்கப் பெனிசிலின் ஊசியைத்தான் ஆயுதமாகக் கொண்டன. மலாயாவின் கிழக்குக் கரைக் கம்பங்களிலும் அந்த ஊசி போடப்பட்டது. தோட்டங்களிலும் டிரெஸ்ஸர் கையில் ஊசி ஏறியது. ஒரே ஊசியில் சீழ் வற்றியது, காய்ச்சல் இறங்கியது. ஊசி போட்டால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை லயத்து வீடுகளில் அன்று வேர் பிடித்தது. இன்றும் முழுக்கப் போகவில்லை.

அதே காலத்தில் மறுபக்கமும் தெரிய வந்தது. பெனிசிலின் ஊசிக்குப் பின் உடனே உயிர் போன ஒரு சம்பவத்தை 1949இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் ஜார்ஜ் வால்ட்பாட் என்ற டாக்டர் எழுதினார். 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வந்த ஒரு பெரிய ஆராய்ச்சி, பெனிசிலின் வைத்தியம் பெற்ற லட்சம் பேரில் ஒன்றரை முதல் இரண்டு பேர் வரை இப்படி இறக்கக் கூடும் என்று கணக்கிட்டது. ஆபத்து மெய். ஆனால் அபூர்வம். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவர் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்.

பயம் மட்டும் பரவினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. சிறுவர்களின் மூட்டில் வீங்கி இருதயத்தைக் கெடுக்கும் வாத சுரத்துக்கு, மாதந்தோறும் பெனிசிலின் ஊசி போட்டு வருவதே காவல். ஊசியில் செத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால் பல இடங்களில் இதைப் போடவே தயங்கினார்கள். 11 நாடுகளில் 1,790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்து, 1991இல் லான்செட் ஏட்டில் முடிவை வெளியிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அதிர்ச்சி கண்டவர்கள் 4 பேர். இறந்தவர் ஒருவர். அந்த ஓர் உயிரும் உயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஊசி போடாமல் விட்டால் இருதய வால்வு கெட்டு இளம் வயதில் சாகிறவர்களை யார் கணக்கில் எழுதுவது?

"அலர்ஜி" என்ற சொல்லை 1906இல் படைத்தவர் வியன்னாவின் டாக்டர் வோன் பிர்க்வே. நம் உடம்பில் ஒரு காவல்படை இருக்கிறது. கிருமி வந்தால் அடித்து விரட்டுவது அதன் வேலை. சிலர் உடம்பில் அந்தக் காவல்படை ஆள் தெரியாமல் மருந்தையே திருடன் என்று எண்ணிவிடுகிறது. பெனிசிலின் மிகச் சிறிய பொருள். தனியாக வந்தால் காவலர் கண்ணில் படாது. ஆனால் அது ரத்தத்திலுள்ள புரதத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட உருவத்தைத்தான் காவல்படை அடையாளம் குறித்து வைக்கிறது. முதல் தடவை ஒன்றும் தெரியாது. குறிப்பு மட்டும் எழுதிக்கொள்ளும். அடுத்த தடவை அதே உருவம் வந்தால் பாயும். இந்தக் காரியத்தைச் செய்யும் பொருளை 1966இல் அமெரிக்காவில் வேலை பார்த்த இஷிசாகா என்ற ஜப்பானிய தம்பதியர் கண்டுபிடித்தனர். "போன வருஷம் இதே மாத்திரை சாப்பிட்டேன், ஒன்றும் செய்யவில்லையே" என்று நம்மவர்கள் வாதாடுவது இதனால்தான் செல்லாது.

எது அலர்ஜி, எது அலர்ஜி இல்லை என்பதில்தான் பெரும் குழப்பம். மருந்து உள்ளே போய் ஒரு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு எழும்புகிறது, உதடும் நாக்கும் வீங்குகின்றன, மூச்சு இழுக்கிறது, தலை சுற்றி ஆள் விழுகிறார் என்றால் அது அசல் அலர்ஜி, உயிருக்கு ஆபத்து. ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. சில நாள் கழித்துக் காய்ச்சலோடு தோல் கொப்பளித்து உரிந்து, வாய் புண்ணாகி, கண் சிவந்தால் அது வேறு ஜாதி ஆபத்து. அந்த மருந்தை அந்த ஆள் வாழ்நாளில் மறுபடி தொடவே கூடாது, சோதனைக்காகக்கூடத் தொடக் கூடாது. பாக்ட்ரிம் போன்ற சல்ஃபா மருந்துகளில் இந்த ரகம் வருவதுண்டு.

ஆனால் வயிற்றைப் புரட்டிற்று, இரண்டு தடவை பேதியாயிற்று, தலை வலித்தது, இவை அலர்ஜியா? இல்லை. இவை மருந்தின் பக்க விளைவுகள். பிள்ளைக்கு வைரஸ் காய்ச்சல் கண்டிருக்கும். அதற்கு ஆண்டிபயாடிக் தேவையே இராது. இருந்தாலும் ஆமோக்சிலின் கொடுத்திருப்பார்கள். நாலாம் நாள் உடம்பில் சிவப்பாகப் புள்ளி போட்டிருக்கும். பெரும்பாலும் அது காய்ச்சலின் புள்ளி. அன்று யாரோ "அலர்ஜி" என்று ஒரு சொல்லை அட்டையில் எழுதி வைக்க, அந்தப் பிள்ளை வளர்ந்து, கல்யாணமாகி, பேரன் எடுத்த பிறகும் அந்தச் சொல் அவரை விட்டபாடில்லை. இன்னொரு வேடிக்கை, "அப்பாவுக்கு ஒத்துக்காது, அதனால் எனக்கும் ஒத்துக்காது" என்பது. வீட்டையும் கடனையும் தகப்பன் விட்டுப் போகலாம். பெனிசிலின் அலர்ஜியை அப்படி எழுதி வைத்துவிட்டுப் போக முடியாது.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான விஷயம். ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அதன் உறவுக்கார மருந்துகளும் ஒத்துக்கொள்ளாதா?

பால் மரம் வெட்டுகிற நமக்கு இதைப் புரிய வைக்கப் புத்தகம் வேண்டாம். ஒட்டுக்கன்று தெரியுமல்லவா? விதை போட்டு முளைத்த நாற்றின் அடிக்கட்டையில், வேறு மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக் கட்டுகிறோம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 மொட்டைக் கட்டினால் மேலே வளர்வது ஆர்.ஆர்.ஐ.எம். 600. வேறு இனத்தைக் கட்டினால் வேறு இனம். அடிக்கட்டை ஒரே ரகமாக இருந்தாலும் வெட்டுகிறவன் பார்ப்பது மேலே உள்ள மரத்தைத்தான். பெனிசிலின் கூட்டமும் செஃபலோஸ்போரின் கூட்டமும் இப்படித்தான். இரண்டுக்கும் அடியில் பீட்டா-லாக்டம் என்ற நாலு முனை வளையம் ஒன்று உண்டு. அதன் மேல் பக்கக் கிளையாக ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு துண்டை ஒட்டியிருக்கிறார்கள்.

பழைய வைத்தியப் புத்தகங்கள் அடிக்கட்டையை மட்டும் பார்த்தன. அடி ஒன்று, ஆகவே பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்று எழுதி வைத்தன. அந்தப் பத்து என்ற எண் எப்படி வந்தது? செஃபலோஸ்போரினின் பிறப்பே ஒரு விசித்திரம். 1945இல் இத்தாலியின் சார்டினியாத் தீவில், சாக்கடை கலக்கும் கடல்நீரிலிருந்து ஜியுசெப்பே புரோட்சு என்ற பேராசிரியர் எடுத்த பூஞ்சைக் காளானிலிருந்து வந்தது அது. ஆரம்ப காலத்தில் தயாரித்த சரக்கில் பெனிசிலின் சுவடும் கலந்திருந்தது. பெனிசிலினை வைத்துக்கொண்டே "செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கணக்கெழுதினால் கணக்கு எப்படிச் சரியாகும்? தண்ணீர் கலந்த பாலை நிறுத்துவிட்டு மரத்தின் மேல் குற்றம் சொன்ன கதைதான்!

உடம்பின் காவல்படை பெரும்பாலும் அடிக்கட்டையைப் பார்ப்பதில்லை, மேலே ஒட்டிய கிளையைத்தான் பார்க்கிறது என்பது இன்றைய முடிவு. ஆம்பிசிலினுக்கும் செஃபலெக்சினுக்கும், செஃபக்லோருக்கும் பக்கக் கிளை ஒன்று. ஆமோக்சிலினுக்கும் செஃபட்ராக்சிலுக்கும் பக்கக் கிளை ஒன்று. நிரூபணமான பெனிசிலின் அலர்ஜி உள்ளவர்களைப் பற்றிய ஆராய்ச்சிகளை 2019இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இந்த ஒத்த கிளை மருந்துகளில் நூற்றுக்குச் சுமார் 16 பேருக்கு எதிர்ப்பு கண்டது. கிளை வேறுபட்ட செஃபலோஸ்போரின்களில் நூற்றுக்குச் சுமார் 2 பேருக்குத்தான். ஆபரேஷனுக்கு முன் போடும் செஃபசோலினின் கிளை எதற்கும் ஒட்டாத தனிக் கிளை. மெரோபெனம் போன்ற பெரிய ஆஸ்பத்திரி மருந்துகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆனால் ஒரு ஜாக்கிரதை: அடிக்கட்டையையே விரோதியாகக் குறித்துக்கொண்ட உடம்புகளும் உண்டு. ஆகவே ஒரு பெனிசிலினில் அசல் அலர்ஜி கண்டவர், சோதித்துச் சொல்லும் வரை எல்லாப் பெனிசிலினையும் விலக்கத்தான் வேண்டும்.

உறவே இல்லாமல் உருவம் மட்டும் ஒத்துப்போவதும் உண்டு. அதற்கு நம் பாலே சாட்சி. 1990களில் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ரப்பர் கையுறை போட்ட நர்சுகளுக்கும் டாக்டர்களுக்கும் கை தடித்து மூச்சு முட்டியது. ரப்பர் பாலிலுள்ள புரதமே காரணம். பவுடர் தடவிய கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரி முதல் தடை செய்தது. அந்த அலர்ஜிக்காரர்களில் பலருக்கு வாழைப்பழம், அவகாடோ, கிவி தின்றாலும் நாக்கு அரித்தது! வாழைக்கும் பால் மரத்துக்கும் என்ன சொந்தம்? சொந்தமில்லை. புரதத்தில் ஒரு துண்டின் உருவம் ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நேர்மாறாக, பெயர் மட்டும் ஒத்து உருவம் ஒவ்வாததும் உண்டு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாத ஒருவர், இலை நோய்க்குத் தோட்டத்தில் தூவும் கந்தகத்தூளுக்கும், சல்ஃபேட் உப்புக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிப்பதால் வந்த வீண் பீதி அது.

ஆக, "பெனிசிலின் அலர்ஜி" என்ற இரண்டு சொல் போதாது, எந்தப் பெனிசிலின் என்று தெரிந்தால்தான் எந்தச் செஃபலோஸ்போரினைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று டாக்டர் தீர்மானிக்க முடியும். "ஆண்டிபயாடிக் அலர்ஜி" என்று எழுதுவதோ சுத்த அபத்தம். "எனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்வதைப் போன்றது அது.

இந்த அலட்சியத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்? பால் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் ஈரத்தில் நிற்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வருவதுண்டு. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே ஏறும் வியாதி அது. கடுமையாகிவிட்டால் ஊசியில் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரையாக்சோன் ஏற்ற வேண்டும். அட்டையில் வெறும் "அலர்ஜி" என்று இருந்தால், நள்ளிரவில் ஆளை எடுத்துப் பார்க்கும் இளம் டாக்டர் தயங்குவாரா, மாட்டாரா? செஃப்ட்ரையாக்சோனின் கிளை வேறு என்பது தெரிந்தவராக இருந்தால் நம் அதிர்ஷ்டம். கர்ப்பிணிக்கு மேகநோய் கண்டால், தாயோடு வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்துக் காக்கும் என்று நிரூபணமான மருந்து பெனிசிலின் ஒன்றே. பிரிட்டனில் பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்ட 64,000க்கும் அதிகமான ஆட்களை, அப்படி எழுதப்படாதவர்களோடு ஒப்பிட்டு 2018இல் ஒரு ஆராய்ச்சி வந்தது. மருந்துக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமி தொற்றும் வாய்ப்பு இவர்களுக்கு 69 சதவீதம் அதிகம். குடலைக் கெடுக்கும் பேதிக் கிருமிக்கு 26 சதவீதம் அதிகம். நல்ல மருந்தை விட்டுக் கண்ட மருந்தைத் தின்றதன் பலன் இது.

இதில் வயிறெரியும் சங்கதி என்னவென்றால், பெனிசிலின் அலர்ஜி என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களை முறைப்படி சோதித்தால், பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அலர்ஜியே கிடையாது. அசலாக இருந்தவர்களிலும் பத்து வருஷம் போனால் ஐந்துக்கு நாலு பேருக்கு அது மறைந்துவிடுகிறது. காவல்படை மறந்துவிடுகிறது, காகிதம் மறப்பதில்லை! ஆபத்துக் குறைவு என்று கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்களில் 187 பேருக்கு நேராகவே பெனிசிலின் மாத்திரை கொடுத்தும், 190 பேருக்கு முதலில் தோலில் சோதித்துவிட்டுக் கொடுத்தும் பார்த்தார்கள். முடிவு 2023இல் வெளிவந்தது. இரு பக்கத்திலும் ஒத்துக்கொள்ளாமல் போனவர் ஆளுக்கு ஒருவர்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் லயத்து வீட்டில் உட்கார்ந்து, மிச்சமிருந்த மாத்திரையைப் பாதி உடைத்துப் போட்டுப் பார்க்க வேண்டாம். டாக்டர் பக்கத்தில் இருந்து, அட்ரினலின் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் காரியம் அது. தோலுரிந்தவருக்கு அதுவும் கிடையாது.

நம் பக்கத்துத் தவறுகளையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அண்டை வீட்டுக்காரர் பாதி தின்று வைத்த கேப்ஸ்யூலை "இது நல்லா கேக்கும், போட்டுக்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். ஊருக்குப் போய் வந்தவர் கொண்டுவந்த பட்டை மாத்திரையைப் பகிர்ந்துகொள்கிறோம். இந்த நாட்டில் 1952ஆம் வருஷத்து விஷப்பொருள் சட்டப்படி ஆண்டிபயாடிக் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத சரக்கு. சட்டம் அங்கே இருக்க, மாத்திரை இங்கே கைமாறிக்கொண்டிருக்கிறது. கிளினிக்கில் "ஏதாவது ஒத்துக்கொள்ளாதா?" என்று கேட்டால், வரிசையில் பின்னால் நிற்பவர் முறைக்கிறாரே என்று "இல்லை" என்று தலையாட்டிவிடுகிறோம்.

தொழிலாளிக்கு ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாது, சொல்லி என்ன பயன் என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. தோட்டத்துக் கிழவிகள் "ஃபார்மிக் ஆசிட்" என்று சொல்லவில்லையா? "எத்திஃபான்" என்று சொல்லவில்லையா? மரத்துக்குப் பூசுவதன் பெயர் வாயில் நுழையுமாம், மனிதன் தின்பதன் பெயர் நுழையாதாம்! பெயர்களைப் பழகுவதும் கடினமில்லை. "சிலின்" என்று முடிவது பெனிசிலின் கூட்டம்: ஆமோக்சிலின், ஆம்பிசிலின், சிரங்குக்கும் கட்டிக்கும் கொடுக்கும் கிளாக்சசிலின். "செஃப்" என்று தொடங்குவது செஃபலோஸ்போரின் கூட்டம். டாக்சிசைக்ளினில் வருவது "சைக்ளின்". அது வேறு குடும்பம், பெனிசிலினோடு சொந்தமில்லை. எரித்ரோமைசினும் வேறு குடும்பம். ஆனால் ஆக்மென்டின், யுனாசின் என்ற வியாபாரப் பெயர்களுக்குள் பெனிசிலின் ஒளிந்திருக்கிறது. பெட்டியிலுள்ள பெரிய எழுத்தைப் பார்த்து ஏமாறாமல், கீழேயுள்ள சின்ன எழுத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும்.

நிர்வாகங்களுக்கும் ஒரு கேள்வி. ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம், அல்லது பல தோட்டம் சேர்ந்து, ஆஸ்பத்திரி இருந்தது. டிரெஸ்ஸர் ஆள்களை முகம் பார்த்தே அறிவார். இன்னாருக்கு இன்ன ஊசி ஆகாது என்பது அவர் மனதில் இருந்தது. 1965இல் தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யச் சட்டமும் வந்தது. பிறகு ஆஸ்பத்திரிகள் பல மூடப்பட்டன. ரப்பர் காடுகள் பல செம்பனையாயின. இன்று பல தோட்டங்களில் ஆள் வெளி கிளினிக்குக்குப் போகிறார். இன்றைக்கு ஒரு கிளினிக், நாளைக்கு வேறு கிளினிக். டிரெஸ்ஸரின் மனதில் இருந்த அந்தக் குறிப்பை யார் வாங்கிக்கொண்டார்கள்? நம் பக்கத்து லயத்திலிருக்கும் வங்காளதேசத் தோழனும் இந்தோனேசியத் தோழனும் இன்னும் மோசமான நிலையில் இருக்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் ஒரு வெள்ளி கொடுத்து வைத்தியம் பார்க்கலாம். அவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே கடை மாத்திரையும் கைமாற்று மாத்திரையுமே அவர்களுக்குக் கதியாகிறது.

எனவே நாம் கேட்பது இவை. மருந்துப் பையின் மேல் மருந்தின் அசல் பெயரும் அளவும் எழுதப்பட வேண்டும். "ஆண்டிபயாடிக்" என்று மட்டும் எழுதுவதை நாம் ஏற்க முடியாது. ஊசி போட்டால் சீட்டில் பெயர் எழுத வேண்டும், அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆளை அனுப்ப வேண்டும். தோட்டத்தில் ஊசி போடும் அறை எதுவாக இருந்தாலும் அட்ரினலின் இருக்க வேண்டும். பெரியவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில். அதைப் போடத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியின் விலை மிகச் சொற்பம். லிங்கியிலிருந்து போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரிக்கு வண்டி போய்ச் சேரும் வரை மூச்சை நிறுத்தி வைக்க அந்தக் குப்பியை விட்டால் வேறு மருந்து இல்லை. அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது.

அரசாங்க ஆஸ்பத்திரியின் மருந்தாளர்கள் நிரூபணமான அலர்ஜிக்கு ஒரு அட்டை கொடுக்கிறார்கள். மலாயில் காட் அலாஹான் ஊபாட் என்பது அதன் பெயர். கேட்டால்தான் பல பேருக்குக் கிடைக்கிறது. கேளுங்கள். மருந்தினால் கெடுதி வந்தால் பெட்டாலிங் ஜெயாவிலுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு டாக்டர் மட்டுமல்ல, மருந்து தின்றவரும் எழுதிப் போடலாம். இந்த நாடு 1990 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் இருக்கிறது. தோட்டத்திலிருந்து கடிதம் போகாவிட்டால் தோட்டத்து ஆளுக்கு வந்த கெடுதி அந்தக் கணக்கில் ஏறாது. சந்தேகமான பழைய அலர்ஜியைச் சோதித்துச் சரிபார்க்கும் வசதி நெகிரி செம்பிலானில் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் ஆஸ்பத்திரி வரை வருகிற எந்தத் தொழிலாளிக்கும் எட்ட வேண்டும். கோலாலம்பூர் போய் வர ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்வது நியாயமில்லை.

கிராணிமார்களே, உங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பெரட்டில் பெயர் கூப்பிடும் செக்ரோலோடு இன்னொரு நோட்டு வையுங்கள். ஆள் சம்மதித்தால் அவர் பெயருக்கு நேரே மூன்று கட்டம் போடுங்கள்: மருந்தின் பெயர், வருஷம், கண்ட குறி. மருந்தின் பெயர் தெரியாதென்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் "தெரியாது" என்றே எழுதுங்கள். வருஷம் பத்துக்கு மேலாகிவிட்டதா, குறி வெறும் வாந்தியா, தடிப்பா, மூச்சிரைப்பா என்பதையும் அவர் சொன்னபடியே எழுதுங்கள். அடுத்த முறை அவர் கிளினிக்குக்குப் போகும்போது அந்த வரியை நகல் எடுத்து, மலாயில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். "தெரியாது" என்ற பதில் எந்தக் கிளினிக்கின் சீட்டிலிருந்து அதிகம் வருகிறது என்பதையும் தனியாகக் குறித்து வையுங்கள். நிர்வாகத்தோடு அடுத்த முறை உட்காரும்போது அந்த நோட்டை மேஜையின் மேல் வைப்போம்.